பிளாஸ்டிக் கைப்பிடி வழுக்குகிறது, வீட்டிலேயே பிடிமானம் ஏற்ற வழி உண்டா?

மண்டபம் வல்லக்காரன் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். மண்டபத்தில் ஒரு வல்லம் (மீன்பிடிப் படகு) வைத்துத் தொழில் பார்க்கிறேன். சின்ன டீசல் எஞ்சின். கடலில் வரும் சில்லறைக் கோளாறுகளை நானே சரி பண்ணிக்கொள்வேன். என் பிரச்சினை எஞ்சினில் இல்லை, சாமான்களில். ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், கயிறு அறுக்கும் கத்தி எல்லாமே பிளாஸ்டிக் கைப்பிடி. கடையில் எடுத்துப் பார்க்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. டீசலும் மீன் வழும்பும் கையில் சேர்ந்துவிட்டால் அவ்வளவுதான்.

கச்சான் காற்று அடிக்கும்போது ஒரு கையால் எதையாவது பிடித்துக்கொண்டு மறு கையால் ஹோஸ் கிளிப்பை இறுக்க வேண்டியிருக்கும். அப்போது ஸ்க்ரூ டிரைவர் உள்ளங்கைக்குள்ளேயே சுற்றுகிறது, கிளிப் திரும்புவதில்லை. இன்சுலேஷன் டேப் சுற்றினேன். பசை டீசலில் கரைந்து, டேப் நழுவி, கையெல்லாம் கறுப்பு.

சால்டரிங் அயர்னால் கைப்பிடி முழுக்கப் புள்ளி புள்ளியாகக் குத்துகிற வீடியோ ஒன்று பார்த்தேன். அது வேலைக்கு ஆகுமா? ஃபெவிக்விக் தடவி மணல் தூவலாம் என்று என் மச்சான் சொல்கிறான். வீட்டில் மீன் வெட்டும் கத்திக்கும் இதையே செய்து தரச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தொண்டி சைக்கிள் கடை

ரொம்ப யோசிக்காதீங்க. பழைய சைக்கிள் டியூபை ரெண்டு விரல் அகலத்துக்கு நீளமாக வெட்டி, இழுத்துப் பிடித்து, பாதிக்குப் பாதி ஏறுகிற மாதிரிச் சுற்றுங்கள். கடைசிச் சுற்றுக்கு அடியில் நுனியைச் செருகி இழுத்தால் பசையே வேண்டாம். என் கடையில் சுத்தியல், பம்பு கைப்பிடி எல்லாம் அப்படித்தான் இருக்கிறது. காசும் கிடையாது.

தங்கச்சிமடம் வயர்லெஸ்

தம்பி, தொண்டிக்காரர் சொல்வது நல்ல வழி. ஆனால் எஞ்சின் பெட்டிக்குள் இருக்கும் சாமானுக்கு வேண்டாம். சைக்கிள் டியூப் ரப்பருக்கும் டீசலுக்கும் ஆகவே ஆகாது. ஊறி உப்பிப்போய், கொஞ்ச நாளில் பிசுபிசுவென்று ஆகிவிடும். சுத்தியல், மண்வெட்டி, துடுப்பு, கயிறு அறுக்கும் கத்தி, இவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ரேடியோ பழுது பார்த்துத் தொடங்கியவன். இப்போது விசைப்படகுகளுக்கு ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர், வயர்லெஸ் செட் மாட்டிக் கொடுக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் படகெல்லாம் கரையில் கிடக்கும், அப்போது எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. மற்ற மாதங்களில் பெஞ்சில் உட்கார்ந்து இந்த மாதிரிக் கிறுக்கு வேலைகள் பார்ப்பேன். சால்டரிங் அயர்ன் கையில் இருப்பவனுக்குப் பிளாஸ்டிக்கைக் கண்டால் சும்மா இருக்க முடியாது.

வீடியோக்காரர்கள் எல்லாரும் புள்ளிதான் குத்துகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். வியர்வைக் கைக்கு அது போதும். உங்கள் கைக்குப் போதாது. ஈரக் கை வழுக்குவதற்குக் கைப்பிடியின் மழமழப்பு மட்டும் காரணம் இல்லை. தோலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஈரம் வெளியே போக வழி இல்லை, அதுதான் பெரிய காரணம். டயரில் காடி, அதாவது கோடு மாதிரிப் பள்ளம், வெட்டியிருப்பது எதற்காகவோ, இங்கேயும் அதே கதை. புள்ளிக்குழி ஒவ்வொன்றும் நாலு பக்கமும் அடைத்த குழி. மீன் வழும்பும் கிரீஸும் அதற்குள் போய் நிரம்பிவிட்டால் பழைய மழமழப்பு திரும்பிவிடும். ஆகவே முதலில் காடி, அப்புறம் காடிகளுக்கு நடுவில் புள்ளி. காடி கைப்பிடியின் ஓரம் வரை போய் முடிய வேண்டும், பாதியில் நிற்கக் கூடாது.

காடியை எந்தத் திசையில் போடுவது என்பதை யாரும் சொல்வதில்லை. ஸ்க்ரூ டிரைவரை நாம் முறுக்குகிறோம், அது உள்ளங்கைக்குள் சுற்றத்தான் பார்க்கும். அதற்குக் காடி நீளவாக்கில் இருக்க வேண்டும். கத்தியை இழுத்தும் தள்ளியும் அறுக்கிறோம், அது முன்னும் பின்னும்தான் நழுவும். அதற்குக் குறுக்கே. இதை மாற்றிப் போட்டால் எவ்வளவு ஆழமாக வெட்டினாலும் பாதிப் பலன்தான்.

ஸ்க்ரூ டிரைவருக்குச் செய்முறை இது. ஒரு தாள் துண்டைக் கைப்பிடியைச் சுற்றி ஒரு சுற்று அளந்து வெட்டுங்கள். அதை மூன்று தடவை மடித்து விரித்தால், ஏழு மடிப்பும் நுனிகள் சேரும் இடமுமாக எட்டுக் கோடு வரும். மறுபடி கைப்பிடியில் சுற்றிப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். முக்கோண அரத்தால் ஒவ்வொரு கோட்டிலும் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குக் காடி இழுங்கள், அதற்கு மேல் வேண்டாம். கெட்டியான, உள்ளே பொள்ளல் இல்லாத கைப்பிடியாக இருக்க வேண்டும். பழைய ஸ்க்ரூ டிரைவர்களில் மஞ்சளாகக் கண்ணாடி போல் தெரியும் கைப்பிடி வருமே, பெட்டியைத் திறந்தால் புளித்த வாடை அடிக்குமே, அது செல்லுலோஸ் அசிடேட் வகை. அரத்துக்கு அருமையாக வழிவிடும்.

அப்புறம் அயர்ன். 25 வாட் போதும், கூர்முனை பிட். நல்ல பிட்டைக் கெடுக்காதீர்கள். பிளாஸ்டிக் கருகி ஒட்டினால் அதன் மேல் ஈயம் மறுபடி பிடிக்காது. தூக்கிப்போட வைத்திருக்கும் பிட் ஒன்றை மாட்டுங்கள். தொட்டு எடுக்க வேண்டும், அழுத்தக் கூடாது. ஒரே இடத்தில் வரிசையாகக் குத்தினால் சூடு சேர்ந்து அந்த இடமே குழைந்துவிடும். இங்கே நாலு, அங்கே நாலு என்று இடம் மாற்றி மாற்றிக் குத்துங்கள். வெப்பம் கூட்டிக் குறைக்கிற அயர்ன் கிடைத்தால் 250 டிகிரிக்குக் கீழே வைத்துக்கொள்ளலாம். பாலிபுரொப்பிலீன், அதாவது பிபி, 160 டிகிரி சுமாரில் உருகிவிடும். நூல் நூலாக இழுக்கவும் செய்யும். முதலில் பெயிண்ட் வாளி மூடியில் கை பழகிக்கொள்ளுங்கள்.

குத்தி முடித்ததும் ஒவ்வொரு குழியைச் சுற்றியும் ஒரு சிறு வரம்பு எழும்பி நிற்கும். அந்த வரம்புதான் உண்மையில் பிடிமானம் தருவது. அதே வரம்புதான் கையையும் கிழிக்கும். உப்புத்தண்ணீரில் ஊறின தோல் மெத்தென்று இருக்கும், லேசில் கிழியும். 220 நம்பர் உப்புத்தாளால் ஒரு தடவு தடவிக் கூர்மையை மட்டும் எடுத்துவிடுங்கள், வரம்பை எடுத்துவிடாதீர்கள்.

புகை விஷயம் விளையாட்டு இல்லை. அடுப்படியில் உட்கார்ந்து செய்யாதீர்கள். வெளித்திண்ணையில், காற்று முதுகுப் பக்கமிருந்து வருகிற மாதிரி உட்காருங்கள். பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள். பிவிசியைத் தொடவே வேண்டாம். சுட்டால் அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். மூக்கும் தொண்டையும் எரியும், பக்கத்தில் இருக்கும் இரும்புச் சாமானும் துருப்பிடிக்கும். கட்டிங் பிளேயரின் மெத்தென்ற உறை பெரும்பாலும் பிவிசிதான். அதற்குப் புது உறை வாங்கிப் போடுவதே சரி. பழையதைக் கத்தியால் கீறி எடுத்துவிட்டு, புது உறையைக் கொதித்து இறக்கின தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டால் இளகும். சோப்புத்தண்ணீர் தொட்டு உள்ளே தள்ளினால் ஏறிவிடும்.

இனி உங்கள் மச்சானின் மணல். கடற்கரை மணலில் உப்பும் சிப்பித்தூளும் இருக்கும், நல்ல தண்ணீரில் அலசிக் காய வைக்காமல் எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது. அலசிப் போட்டாலும் நான் விரும்பமாட்டேன். ஃபைபர் படகுத் தளத்தில் ரெசின் தடவி மணல் தூவுவது காலுக்காக. கை அப்படி இல்லை. உடைந்த ஃபெவிக்விக் சில்லும் மணலும் சேர்ந்தால் ரம்பம்தான். படகுக்குப் பூசும் அந்தப் பாலியெஸ்டர் ரெசினைக் கைப்பிடியில் பூசலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள்: பிபியில் அது ஒட்டாது, உரிந்து வரும். ஏபிஎஸ் பிளாஸ்டிக்கை ரெசினில் உள்ள ஸ்டைரீனே கரைக்கும்.

பசை வழிதான் வேண்டுமென்றால் நான் செய்வது வேறு. மெதுவாக இறுகுகிற வகை அரால்டைட்டைக் கைப்பிடியில் மெல்லிசாகப் பூசி, கல் உப்பை ஒன்றிரண்டாக இடித்துச் சலித்து, அதன் மேல் அழுத்திவிடுவேன். மறுநாள் நன்றாக இறுகின பிறகு தண்ணீரில் ஊறப் போட்டால் உப்பு கரைந்து போய், அது இருந்த இடமெல்லாம் சின்னச் சின்னப் பள்ளமாக நிற்கும். மணல் மாதிரி அறுக்காது. ராமநாதபுரம் மாவட்டத்தில் உப்புக்கா பஞ்சம்?

சின்னப்பாலம் பாசிக்காரி

நாங்கள் கடலுக்குள் முங்கிப் பாறையில் பாசி எடுக்கிறவர்கள். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி எல்லாம் எடுப்போம். சுரண்டி கையை விட்டுப் போனால் நீரோட்டத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது. பிடிக்கு வலை நூல்தான் சுற்றுகிறோம். சும்மா சுற்றினால் உருவிக்கொண்டு வரும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு அரைமுடிச்சுப் போட்டு இறுக்கணும், எல்லா முடிச்சும் ஒரே பக்கமாகப் போடணும். அப்படிப் போட்டால் முடிச்செல்லாம் சேர்ந்து கைப்பிடியைச் சுற்றி ஒரு வரம்பு தானாக ஏறிக்கொண்டே போகும். விரல் அதில் நிற்கும். முடிகிற இடத்தில் நூல் நுனியை நெருப்பில் காட்டி உருக்கி அமுக்கிவிட்டால் பிரியாது. தங்கூசி (ஒற்றை இழை நைலான்) வேண்டாம் தம்பி, அது வழுக்கும், கையையும் அறுக்கும். பல இழை முறுக்கின நைலான் நூல் எடுங்கள்.

ஒன்று கவனியுங்கள். நூல் பிளாஸ்டிக்கின் மேல் மட்டும் இருக்கட்டும், இரும்பு வரை இழுத்துக் கட்டாதீர்கள். நூலுக்குள் உப்பு நின்று அந்த இடத்திலேயே துரு அரித்துவிடும். கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஒரு முங்கு முக்கி வெயிலில் போடுங்கள்.

மீன் கத்தி விஷயத்தில் வயர்லெஸ் அண்ணன் ஒன்றும் சொல்லவில்லையே. அது சமைக்கிற சாமான். நூல் சுற்றினாலும் குழி குத்தினாலும் செதிலும் ரத்தமும் உள்ளே போய் உட்கார்ந்து நாறும், தேய்த்தாலும் போகாது. எங்கள் வீட்டில் மீனுக்கு அரிவாள்மனைதான். காலால் பலகையை மிதித்துக்கொண்டால் ரெண்டு கையும் மீனுக்கு. கைப்பிடியே இல்லாத சாமானில் கைப்பிடி எப்படி வழுக்கும்? கெளுத்தி, விலாங்கு மாதிரி வழுவழு மீனாக இருந்தால் கல் உப்போ அடுப்புச் சாம்பலோ போட்டு மீனைத் தேய்த்துவிட்டு வெட்டச் சொல்லுங்கள். வழுக்குகிற மீனை விட்டுவிட்டுக் கத்தியைக் குறை சொல்லி என்ன?

தங்கச்சிமடம் வயர்லெஸ்

அக்கா சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். வீட்டுக் கத்தியில் அயர்ன் வேலை வேண்டாம். அரிவாள்மனை பழக்கம் இல்லாவிட்டால், விரல் அலகின் பக்கம் போகாதபடி முன்னால் தடுப்பு உள்ள கத்தியாகப் பார்த்து வாங்கிக் கொடுங்கள். மீன் வெட்டும்போது பிடி நழுவுவதைவிட விரல் முன்னால் போய் அலகில் ஏறுவதுதான் ஆபத்து.

ராமநாதபுரம் எலக்ட்ரீசியன்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும், ஒரு எச்சரிக்கை. கைப்பிடியில் 1000 வோல்ட் என்று போட்டு, பக்கத்தில் இரட்டை முக்கோணக் குறி இருந்தால் அந்தச் சாமானைத் தயவுசெய்து தொடாதீர்கள். அது ஐஇசி 60900 தரத்துக்குச் செய்தது, மின்சாரம் ஓடும் இடத்தில் வேலை செய்வதற்கு. அந்தப் பிளாஸ்டிக்தான் உங்களுக்கும் கரண்டுக்கும் நடுவில் இருக்கும் சுவர். அரத்தால் காடி இழுத்தாலோ அயர்னால் குத்தினாலோ அதன் மேல் உள்ள எழுத்துக்கு மதிப்பு இல்லை. வெளியே தெரியாத வெடிப்பு ஒன்று போதும்.

நூல் சுற்றுவதும் அதற்கு ஆகாது. உப்புத்தண்ணீர் ஊறின நூல் கரண்ட் ஓட நல்ல பாதை. கைப்பிடியின் முன்னால் இருக்கும் தடுப்பு வளையத்தின் மேலும் எதையும் சுற்றி மூடாதீர்கள். எஞ்சின் சாமான் வேறு, வீட்டு வயரிங் சாமான் வேறு என்று ரெண்டு செட்டாகப் பிரித்து வையுங்கள். பேட்டரி டிரில் மாதிரிச் சாமானிலும் குத்தாதீர்கள். ஓடு மெல்லிசு, உள்ளே என்ன எங்கே ஓடுகிறது என்று வெளியே தெரியாது.

மண்டபம் வல்லக்காரன்

எல்லாருக்கும் நன்றி. பாசிக்கார அக்கா, உங்கள் பதிலை வீட்டில் படித்துக் காட்டினேன். கத்தி விஷயம் முடிந்தது, அரிவாள்மனை பரணில்தான் இருந்ததாம். கயிறு அறுக்கும் கத்திக்கு நீங்கள் சொன்ன மாதிரி அரைமுடிச்சு போட்டாயிற்று, அருமையாக நிற்கிறது.

வயர்லெஸ் அண்ணே, உங்களுக்கு ரெண்டு கேள்வி. என் ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடி மஞ்சள் இல்லை, கறுப்பு. எந்தப் பிளாஸ்டிக் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உப்பு போட்டு அரால்டைட் பூசுவது அதில் பிடிக்குமா?

தங்கச்சிமடம் வயர்லெஸ்

தண்ணீரில் போட்டுப் பாருங்கள். கைப்பிடியின் அடியில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கத்தியால் ஒரு சீவல் எடுத்து, ஒரு தம்ளர் நல்ல தண்ணீரில் போடுங்கள். ஒரு சொட்டு சோப்பு விடுங்கள், இல்லாவிட்டால் காற்றுக்குமிழி ஒட்டிக்கொண்டு பொய் சொல்லும். விரலால் ஒருமுறை அமுக்கிவிட்டுப் பாருங்கள். மிதந்தால் பிபி, அல்லது பாலித்தீன் வகை. மூழ்கினால் ஏபிஎஸ், நைலான், பிவிசி, செல்லுலோஸ் இவற்றில் ஒன்று. கடல் தண்ணீரில் போட்டாலும் இவை மூழ்கத்தான் செய்யும். ஆனால் வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் உப்பு விளைகிற பாத்தித் தண்ணீர் ஒரு பாட்டில் கிடைத்தால் கொண்டுவாருங்கள். அதன் அடர்த்தி நல்ல தண்ணீரைப்போல 1.2 மடங்கு வரும். அதில் ஏபிஎஸ்ஸும் சாதா நைலானும் மிதக்கும், பிவிசி அப்போதும் அடியில் கிடக்கும். அயர்னால் தொடக் கூடாததை இப்படிக் கழித்துவிடலாம். கலப்படம் சேர்த்த பிளாஸ்டிக் சில நேரம் ஏமாற்றும். சந்தேகம் இருந்தால் சுட வேண்டாம், அரத்தோடு நிறுத்துங்கள்.

அரால்டைட் ஏபிஎஸ்ஸில் நன்றாகப் பிடிக்கும், உப்புத்தாளால் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்துவிட்டால் போதும். பிபியில் அப்படியே பூசினால் ஒரே துண்டாகத் தோல் உரிவது மாதிரி வந்துவிடும். கேஸ் டார்ச்சின் நீலச் சுடரை அதன் மேல் வேகமாக ஓட்டி எடுத்தால் கொஞ்சம் பிடிக்கும். ஓட்ட வேண்டும், நிறுத்தக் கூடாது. சரியாக வந்ததா என்று பார்க்கத் தண்ணீர் தெளியுங்கள். முத்து முத்தாக நிற்காமல் படலமாகப் பரவினால் பசை பூசலாம். உடனே பூசிவிடுங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

ஆனால் உங்களுடையது மிதந்தால் இந்தச் சிரமமெல்லாம் எதற்கு? காடியும் புள்ளியும் போதும். கைப்பிடி ஒல்லியாக இருந்தால் மட்டும் பசை வழியை யோசியுங்கள். முறுக்குகிற சாமானில் பருமன் கூடினால் அதே பிடிக்கு அதிக முறுக்கு விசை கிடைக்கும். ஹோஸ் கிளிப் இறுக்கச் சொரசொரப்பைவிட அதுதான் அதிகம் உதவும்.

மண்டபம் வல்லக்காரன்

மிதக்கிறது அண்ணே, சோப்பு விட்ட பிறகும். காடி இழுத்துவிடுகிறேன். அயர்ன் என்னிடம் இல்லை. வெள்ளிக்கிழமை வேறு வேலையாகத் தங்கச்சிமடம் வருகிறேன், உங்கள் பெஞ்சில் கொஞ்ச நேரம் இடம் கிடைக்குமா?

தங்கச்சிமடம் வயர்லெஸ்

வாங்க. மதியத்துக்கு மேல் வாங்க, காலையில் ஒரு படகில் ஏரியல் மாற்ற வேண்டியிருக்கிறது. கைப்பிடியில் டீசல் வாடை இல்லாமல் சோப்புப் போட்டுக் கழுவி எடுத்து வாங்க. சூடான அயர்ன் பக்கத்தில் அது எனக்கு ஆகாது.